சூடாக இருப்பது காற்றா, இரும்பா? மாருதி 800-இல் ஏர் டெம்பரேச்சர் சென்சாரோடு நடத்திய வேலை

உச்சி வெயிலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினாலும் என் மாருதி 800 இப்போது திணறுவதில்லை. பல மாதம் இழுத்தடித்த வேலை இது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், பேட்டரி என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிறகு, கடைசியில் மாட்டியது இன்ஜின் உறிஞ்சும் (இன்டேக்) காற்றின் சூட்டை அளக்கும் சின்ன சென்சார். கார்புரேட்டர் வண்டியை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுகிறவர்கள் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று சொல்லும் டேபிளோடு ராத்திரி பகலாக மல்லுக்கட்டுகிறார்கள். இந்த சென்சாரை மட்டும் கிடைத்த ஓட்டையில் முறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால்தான் அளவுகளோடு விரிவாக எழுதி வைக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: 796 சிசி, மூன்று சிலிண்டர், பழைய கார்புரேட்டர் மாடல். எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் உள்ள) மாடலின் இன்டேக் மேனிஃபோல்ட் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்), த்ராட்டில் பாடி, மூன்று இன்ஜெக்டர் எல்லாம் கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் ரூ.6,500-க்குக் கிடைத்தன. பெட்ரோலைக் கணக்கிட்டு விடும் கம்ப்யூட்டரான ஈசியூ, ஆர்டுயீனோ மெகா 2560 போர்டில் ஓடும் ஸ்பீடுயீனோ. அதை ட்யூன் செய்ய லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ சாஃப்ட்வேர். சைலன்ஸர் குழாயில், கலவையில் பெட்ரோல் கூடவா குறைவா என்று அளக்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 வைடுபேண்ட் சென்சார். கன்ட்ரோலரோடு சேர்த்து ரூ.17,500 ஆனது. மொத்தச் செலவில் பெரியது இதுதான், ஆனால் இது இல்லாமல் ட்யூனிங்கில் இறங்கவே கூடாது. ஸ்பார்க் வேலையைப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரிடமே விட்டுவிட்டேன். ஈசியூ பார்ப்பது பெட்ரோலை மட்டும்.

இந்த ஏற்பாட்டில் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்கிறது. இன்ஜின் சுற்று தெரியும். அந்தச் சுற்றில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிறைகிறது என்பது விஇ டேபிளில் இருக்கிறது. இதையெல்லாம் காற்றின் வெப்பநிலையால் வகுத்தால்தான் எடை கிடைக்கும். வெப்பநிலையை 273 கூட்டிக் கெல்வினில் எடுக்க வேண்டும். நம்மூர் சூட்டில் தோராயமாக 3 டிகிரிக்கு 1 சதவீதம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். சென்சார் 30 டிகிரி தப்பாகச் சொன்னால் பெட்ரோல் 9 சதவீதத்துக்கு மேல் தப்பாகிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலவையின் அளவுகளை எல்லாம் லாம்ப்டாவில்தான் எழுதியிருக்கிறேன், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் இல்லை. பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதற்குச் சரியான காற்று-பெட்ரோல் விகிதம் சுமார் 13.5. ஆனால் வைடுபேண்ட் மீட்டர் சுத்தமான பெட்ரோல் கணக்கில் காட்டுவதால் அதிலும் 14.7 என்றே வரும். லாம்ப்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலுக்கும் சரியான கலவை. அதைவிடக் கூடினால் லீன் (பெட்ரோல் குறைவு), குறைந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). குழப்பமே இல்லை.

சரி, பிரச்சினைக்கு வருவோம். காலையில் வண்டி அருமையாக ஓடும். சூடேறியபின் 850 சுற்றில் ஐட்லிங் அசையாமல் நிற்கும், லாம்ப்டா 1.00. அவினாசி ரோட்டில் ஒரு நடை போய், வெயிலில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் 600-க்கும் 900-க்கும் நடுவே ஊசலாடும். கிளட்சை விட்டால் இரண்டு மூன்று தரம் குதித்துவிட்டுத்தான் நகரும். நாலைந்து நிமிடம் ஓட்டினால் தானாகவே சரியாகிவிடும்.

சூடான வண்டி, சூடான பெட்ரோல். முதலில் நினைத்தது பெட்ரோல் குழாயில் ஆவி கட்டுகிறது என்றுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிறது என்று எல்லாரும் பேசுவதும் காதில் விழுந்திருந்தது. ஃப்யூயல் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன். திணறும்போதும் 3 பாரில் முள் அசையவில்லை. இருந்தாலும் ஆவி கட்டுவதை இந்தச் சோதனை முழுசாக விலக்கிவிடாது. ரெயிலில் ஆவிக் குமிழ் இருந்தாலும் கேஜ் அதே அழுத்தத்தைக் காட்டலாம். அடுத்த சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன். சூடான வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், வோல்டேஜ் 13.8-லிருந்து 13.1-க்கு இறங்கும், இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், வண்டி லீன் ஆகும். காரணம் நியாயமாகத்தான் பட்டது. ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தேன். திணறல் அப்படியே இருந்தது.

நிஜமான சேதம் இதற்கப்புறம்தான். ட்யூனர்ஸ்டுடியோவில் ஆட்டோட்யூன் உண்டு. வைடுபேண்ட் சொல்வதைப் பார்த்து விஇ டேபிளைத் தானே திருத்தும். வெயிலில் திணறும்போது அதை ஓடவிட்டேன். ஐட்லிங் கட்டங்களில் 42 இருந்த எண் 45 ஆனது. திணறலும் நின்றது. மறுநாள் காலை, இன்ஜின் சூடேறியபின் லாம்ப்டா 0.93. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி. ஆட்டோட்யூன் மேல் குற்றமில்லை. ஈசியூவுக்கு வந்த வெப்பநிலை பொய். அந்தப் பொய்யை அது பத்திரமாக விஇ டேபிளுக்குள் எழுதி வைத்துவிட்டது. இப்படி ஒரு முறை எழுதிவிட்டால் அப்புறம் எது இன்ஜினின் குணம், எது சென்சாரின் கோளாறு என்று பிரிப்பது பெரும்பாடு. பேக்கப் இருந்ததால் பழைய டேபிளை மீட்க முடிந்தது.

அப்புறம்தான் லேப்டாப்பில் பதிவான லாக்கை நிதானமாகப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்த நொடியில் காற்றின் வெப்பநிலை 74 டிகிரி. வெளியே 36. பானெட்டுக்குள் சூடு இருக்கும்தான், ஆனால் வண்டி ஐட்லிங்கில் உறிஞ்சும் காற்று 74 டிகிரி இருக்குமா? எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணனிடம் லேப்டாப்பைக் காட்டினேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் போகிறவர் இல்லை. எண்ணைப் பார்த்துவிட்டு மேனிஃபோல்டைத் தொட்டுப் பார்த்து, கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "தம்பி, சூடா இருக்கறது காத்தா, இரும்பா? அதைய மொதல்ல பாத்துப்போட்டு வாங்க" என்றார். மேனிஃபோல்ட் அலுமினியம்தான், அவர் வாயில் எல்லா உலோகமும் இரும்பு. கேள்வி மட்டும் மிகச் சரியான கேள்வி.

என் சென்சார் இருந்த இடம் இது: மேனிஃபோல்டில் காற்று சேரும் பிளீனம் பகுதியில் ஓட்டை போட்டு, எம்12 மரை வெட்டி, பித்தளை உடம்புள்ள பாஷ் சென்சாரை முறுக்கியிருந்தேன். அது கூலன்ட்டுக்காகச் செய்யப்பட்ட மூடிய வகை. சென்சிங் மணி பித்தளைக்குள் புதைந்திருக்கும், பித்தளை அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும். காற்று அதைத் தொட்டுவிட்டுப் போவதைவிட உலோகத்தின் சூடு அதற்குள் ஏறுவது ரொம்பச் சுலபம்.

இடத்தை மாற்றுவதற்கு முன் சென்சார் சொல்லும் எண் சரியா என்று பார்த்துவிட நினைத்தேன். கழற்றி, தெர்மாஸில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு முக்கினேன். மல்டிமீட்டரில் 5.9 கிலோ ஓம். லேப்டாப்பில் 9 டிகிரி! பூஜ்யம் வந்திருக்க வேண்டிய இடம். ஈசியூவில் ஜிஎம் வகை சென்சாரின் வரைவை, அதாவது எத்தனை ஓமுக்கு எத்தனை டிகிரி என்ற கணக்கை, தேர்ந்தெடுத்திருந்தேன். கையில் இருப்பதோ பாஷ். இரண்டும் வேறு வேறு. பாஷ் வகை 0 டிகிரியில் 5.896 கிலோ ஓம், 20-இல் 2.5, 40-இல் 1.175, 60-இல் 0.596, 80-இல் 0.323. ஜிஎம் வகை 0-வில் 9.42, 20-இல் 3.52, 40-இல் 1.46, 60-இல் 0.667, 80-இல் 0.332. எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: குளிரில் இடைவெளி பெரிது, சூட்டில் நெருங்கிவிடுகிறது. என் வண்டியில் 20 டிகிரிக்கு ஏழெட்டு டிகிரி கூடுதலாகவும், 60-க்கு மூன்று டிகிரி கூடுதலாகவும் காட்டிக்கொண்டிருந்தது.

ட்யூனர்ஸ்டுடியோவில் இந்த மாதிரி சென்சாரின் (தெர்மிஸ்டர்) அளவுக்கு மூன்று புள்ளி கொடுக்கும் வசதி இருக்கிறது. ஐஸ் தண்ணீர், அறைச் சூடு, கொதிக்கும் தண்ணீர் என்று மூன்றையும் நானே அளந்து கொடுத்தேன். போர்டில் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரின் மதிப்பையும் சரியாகக் கொடுக்க வேண்டும்; ஸ்பீடுயீனோவில் 2490 ஓம். கொதிநீர் கோவையில் சரியாக 100-இல் கொதிக்காது. ஊர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஒன்றரை டிகிரி போலக் குறையும். 98.5 என்று போட்டேன்.

இதைத் திருத்தினால் வெயில் திணறல் குறையும் என்று எதிர்பார்த்தேன். விஇ டேபிளைப் புது எண்களுக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டிப் பார்த்தால் திணறல் துளிகூடக் குறையவில்லை, கொஞ்சம் கூடியது போலவே இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோது விளங்கியது. வரைவுத் தவறு ஏறக்குறைய மாறாத ஒரு பிசகு. ட்யூன் செய்தபோதே விஇ டேபிள் அதை விழுங்கிவிட்டது. மிச்சம் இருந்த வித்தியாசம், சூட்டில் ஈசியூவை ஒரு சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் விட வைத்துத் திணறலைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது. திருத்தியதும் அந்த மறைப்பும் போனது. ஆனாலும் செய்ய வேண்டிய வேலைதான். இதைச் செய்யாமல் அடுத்த சோதனைகளின் எண்களை நம்ப முடியாது.

கையோடு எர்த்தையும் பார்த்தேன். சென்சாரின் ஒரு ஒயரை இன்ஜின் பாடியில் போல்ட் போட்டு முடித்திருந்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை அங்கேயும் மறுமுனையை ஈசியூவின் சென்சார் எர்த்திலும் வைத்தால், ஃபேனும் ஹெட்லைட்டும் ஓடும்போது 0.1 வோல்ட் தெரிந்தது. சின்ன எண்தான். ஆனால் 40 டிகிரியில் இந்த சென்சார் கொடுப்பது 1.60 வோல்ட். அது 1.70 ஆனால் ஈசியூ இரண்டரை டிகிரி குறைவாக எடுத்துக்கொள்ளும். எர்த் ஒயரை நேராக ஈசியூவுக்கே இழுத்தேன். இரண்டு மீட்டர் ஒயர், ரூ.40.

இதுவரை செய்தது எல்லாம் துப்புரவு வேலை. குற்றவாளியை உறுதி செய்தது மூன்று ரூபாய் ரெசிஸ்டர். 1 கிலோ ஓமையும் 180 ஓமையும் வரிசையாக சோல்டர் செய்தால் 1.18 கிலோ ஓம். பாஷ் வரைவில் அது 40 டிகிரி. சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு இதைச் செருகினேன். இனி இன்ஜின் எவ்வளவு கொதித்தாலும் ஈசியூவுக்குக் காற்று 40 டிகிரிதான். அதே இடம், அதே வெயில், அதே கால் மணி நேரம். சாவியைத் திருப்பினேன். 850 சுற்றில் ஐட்லிங் நின்றது, திணறல் இல்லை. லாம்ப்டா 0.98.

ஆவி கட்டல் சந்தேகம் இதோடு தீர்ந்தது. பெட்ரோல் அதே சூட்டில்தான் இருக்கிறது, ரெயில் அதே சூட்டில்தான் இருக்கிறது. மாறியது ஈசியூ நம்பும் எண் மட்டும். சென்சாரைத் திருப்பி மாட்டி அதே சோதனையைச் செய்தபோது அது காட்டியது 72 டிகிரி, லாம்ப்டா 1.08. ஐட்லிங் கட்டங்களை நான் ட்யூன் செய்தது சென்சார் 40 காட்டியபோது. 313-ஐ 345-ஆல் வகுத்தால் 0.907. அதாவது ஈசியூ ஒன்பது சதவீதத்துக்கு மேல் பெட்ரோலைக் குறைத்திருக்கிறது. காற்று உண்மையில் 40-இலேயே இருந்திருந்தால் லாம்ப்டா 1.10 வந்திருக்க வேண்டும். 1.08 வந்ததும், ரெசிஸ்டரோடு 0.98 வந்ததும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: சூடான மேனிஃபோல்டைக் கடந்து வரும் காற்று நிஜமாகவே கொஞ்சம் சூடாகிறது, இரண்டு சதவீத அளவுக்கு. மீதி முழுவதும் உலோகத்தின் சூடு.

இந்த ரெசிஸ்டர் சோதனைக்கு மட்டும்தான், நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். ஆன்லைனில் 'பவர் சிப்' என்ற பெயரில் விற்கும் சில சாமான்களின் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருப்பதும் இதே மாதிரி ஒரு ரெசிஸ்டர்தான். காற்று குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூவை நம்ப வைத்துப் பெட்ரோலைக் கூட்டும். கம்பெனி வண்டியின் ஆக்சிஜன் சென்சார் அந்தக் கூடுதலைச் சீக்கிரமே கழித்துவிடும். பணம் போனது போனதுதான்.

இனி இடமாற்றம். முதலில் ரூ.850-க்கு கே-டைப் தெர்மோகப்பிள் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். முடி போன்ற மெல்லிய ஒயர் முனையை ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸுக்குள், சுவரைத் தொடாமல் நடுவில் நிற்கும்படி விட்டேன். 50 கி.மீ. வேகத்தில் ஓடும்போது வெளியே 34, ஹோஸுக்குள் 39, மேனிஃபோல்ட் சென்சாரில் 51. நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஹோஸுக்குள் 55. பத்து நொடியில் 44-க்கு இறங்கிவிடுகிறது. மேனிஃபோல்ட் சென்சார் 72-லிருந்து 50-களுக்கு வர நாலு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. வண்டி தானாகச் சரியாக ஆன நேரமும் அதுதான்.

ஆக, திறந்த வகை சென்சார், த்ராட்டிலுக்கு முன்னால், சூட்டைக் கடத்தாத பொருளில். சென்சார் ஜிஎம் வகை: பிளாஸ்டிக் கூண்டுக்குள் மணி காற்றில் தொங்கும். சாக்கெட்டும் ஒயரும் சேர்த்து ரூ.780. தண்ணீரில் முக்கும்போது மணி நனையாமல் இருக்க, கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்துவிட்டு முக்கினேன். 30 டிகிரியில் 2.22 கிலோ ஓம் வந்தது, ஐஸில் 9.3. ஜிஎம் வரைவோடு ஒத்துப்போகிறது. மூன்று புள்ளிகளையும் மறுபடி கொடுத்தேன்.

மாட்டுவதற்கு ரப்பர் ஹோஸை நடுவில் வெட்டி ஒரு குழாய்த்துண்டு வைக்க வேண்டும். வீட்டில் பிவிசி கிடந்தது. அதைத் தொடவில்லை, 80 டிகிரி பக்கம் போனால் பிவிசி இளகும். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் நைலான் ராடைக் கொடுத்து, ஹோஸுக்குள் இறுக்கமாக உட்காரும் 50 மி.மீ. வெளிவிட்டத்தில், 42 மி.மீ. உள்விட்டத்தில், 90 மி.மீ. நீளத்தில் கடையச் சொன்னேன். சென்சார் உட்காரும் இடத்தில் மட்டும் சுவர் தடிமனாக வரும்படி ஒரு மேடு விட்டு, 14.5 மி.மீ. டிரில் போட்டு, 3/8 என்பிடி மரை. நைலானும் கூலியும் ரூ.550. அந்த மரைக்கு டேப் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. முன்னாலேயே கேட்டுவிட்டுப் போவது நல்லது. நைலானில் கூம்பு மரை என்பதால் கையால் இறுக்கி அரைச் சுற்று ஸ்பேனர் போதும், அதற்கு மேல் போனால் மேடு பிளக்கும். பழைய மேனிஃபோல்ட் ஓட்டையை எம்12 போல்டும் செம்பு வாஷரும் போட்டு அடைத்தேன். அங்கே துளி காற்றுக் கசிவு இருந்தாலும் ஐட்லிங் கெடும்.

விஇ டேபிளை அப்படியே விட முடியாது. ஓடும்போது முன்பு 51 காட்டிய இடத்தில் இப்போது 39. ஈசியூ காற்றைக் கனமாக நினைத்து 4 சதவீதம் அதிகம் பெட்ரோல் விடும். ஓடும் கட்டங்களை முழுக்க 4 சதவீதம் இறக்கி, அங்கிருந்து ட்யூன் செய்ய ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஆட்டோட்யூனுக்குக் கட்டுப்பாடு போட்டேன்: கூலன்ட் 80-க்குக் கீழே இருந்தால் எழுதாதே, காற்று 48-க்கு மேல் போனால் எழுதாதே, த்ராட்டில் வேகமாக அசைந்தால் எழுதாதே. லாம்ப்டாவைப் பார்த்துத் தானாகத் திருத்தும் க்ளோஸ்டு லூப்பையும் நிறுத்தி வைத்தேன். அது ஓடிக்கொண்டிருந்தால் எந்தத் தவறும் கண்ணுக்குத் தெரியாமல் பூசி மெழுகிவிடும்.

வெயில் ஸ்டார்ட்டிங் அன்றைக்கே சரியானது. முதல் சில நொடி மட்டும் 1.03, அப்புறம் 1.00.

இதற்குப் பிறகு வந்த விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெவ்வேறு நேரங்களில் எடுத்த லாக்குகளிலிருந்து ஒரே கட்டத்தை, அதாவது அதே சுற்று, அதே அழுத்தம், கூலன்ட் 85-க்கு மேல், மட்டும் பிரித்தெடுத்து, காற்றின் சூட்டுக்கு எதிரே லாம்ப்டாவை வரைந்து பார்த்தேன். 34 டிகிரியில் ட்யூன் செய்த ஐட்லிங், 22 டிகிரியில் 0.98, 45 டிகிரியில் 1.02. ஓடும்போது, 2800 சுற்றில், 0.99-லிருந்து 1.01 வரைதான்.

சென்சார் சரி, வரைவு சரி, இடம் சரி. பிறகும் ஏன் ஐட்லிங் 4 சதவீதம் நகர்கிறது? இப்போது சென்சார் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கிறது. ஐட்லிங்கில் காற்று மெதுவாக நகர்வதால் சூடான மேனிஃபோல்டிலும் ஹெட்டின் துவாரத்திலும் தங்கிச் சூடேறித்தான் உள்ளே போகிறது. வெளியே 22 ஆனாலும் 45 ஆனாலும் சிலிண்டருக்குள் நுழையும்போது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஈசியூவோ 22-லிருந்து 45-க்கு முழு 7 சதவீதத்தையும் குறைக்கிறது. ஓடும்போது காற்று விரைந்து போவதால் சூடேற நேரமில்லை, அதனால் சென்சார் சொல்வது ஏறக்குறைய உண்மை.

பழைய இடத்தில் சென்சார் உலோகத்தைச் சொன்னது, புது இடத்தில் வெளிக்காற்றைச் சொல்கிறது. இன்ஜின் குடிப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றை. சில ஈசியூக்களில் காற்றோட்டத்தைப் பொறுத்துக் கூலன்ட் சூட்டையும் காற்றுச் சூட்டையும் கலந்து கணக்கிடும் வசதி இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு வரைவு: காற்றுச் சூட்டுக்கு எத்தனை சதவீதம் பெட்ரோல் என்பது. 25 டிகிரியை 100 என்று வைத்தால், புத்தகக் கணக்குப்படி 10-இல் 105, 40-இல் 95, 50-இல் 92, 60-இல் 89.5, 70-இல் 87. நான் இப்போது வைத்திருப்பது 10-இல் 104, 25-இல் 100, 40-இல் 96, 50-இல் 94, 60-இல் 93, 70-இல் 92. குளிர்ப் பக்கம் புத்தகத்தை ஒட்டிப் போகிறது. சூட்டுப் பக்கம் தட்டையாகிறது. ஹோஸில் 50-க்கு மேல் வருவது நிறுத்திவிட்டு எடுக்கும்போதும், காந்திபுரம் சிக்னல் நெரிசலில் ஊரும்போதும்தான். இரண்டுமே காற்று மெதுவாகப் போகும் நேரங்கள், அங்கே முழுத் திருத்தம் தேவையில்லை. தப்பினாலும் ஒன்றிரண்டு சதவீதம் ரிச் பக்கம் தப்பும். சூடான இன்ஜினுக்கு அது லீனைவிட எவ்வளவோ மேல்.

இது என் மேனிஃபோல்டுக்கும் என் ஹோஸுக்கும் பொருந்தும் வரைவு. அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் லாக்கிலிருந்து அதே மாதிரிப் பிரித்துப் பாருங்கள்.

கடைசிச் சோதனைக்கு நீலகிரி மலைப்பாதை. மேட்டுப்பாளையத்தில் ஹோஸுக்குள் 33 டிகிரி. முழு த்ராட்டிலில் மேப் 96 கிலோபாஸ்கல், லாம்ப்டா 0.87. கோத்தகிரி வழியாக ஏறி ஊட்டியில் தங்கி, விடிகாலையில் பார்த்தபோது 11 டிகிரி, 76 கிலோபாஸ்கல், லாம்ப்டா 0.88. அழுத்தம் இருபது கிலோபாஸ்கல் இறங்கி, சூடு இருபது டிகிரிக்கு மேல் இறங்கி, கலவை ஒரு சதவீதம்தான் நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு சதவீதத்துக்கும் மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் சைலன்ஸர் பக்கத் தடை குறைந்து, அதே மேப் அளவில் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்குவது காரணமாக இருக்கலாம். ஸ்பீடுயீனோவில் அதற்குத் தனித் திருத்தம் இருக்கிறது, இன்னும் தொடவில்லை.

அடுத்த வண்டிக்கு இதே வேலை செய்தால் வரிசையை மாற்றுவேன். விஇ டேபிளில் ஒரு எண்ணைக்கூட ஏற்றுவதற்கு முன், சென்சாரை ஐஸிலும் கொதிநீரிலும் முக்கி வரைவைச் சரிபார்ப்பேன். தெர்மோகப்பிளை முதல் நாளே ஹோஸில் விட்டு, சென்சார் சொல்வதற்கும் அதற்கும் உள்ள இடைவெளியை ஒரு வெயில் பகல் முழுக்கப் பார்ப்பேன். ரூ.850 தெர்மாமீட்டர் ரூ.17,500 வைடுபேண்டுக்கு முன்னால் வாங்க வேண்டிய கருவி. கூலன்ட் சென்சாரைக் காற்றுக்குப் போடவே மாட்டேன். திறந்த வகைக்கும் அதற்கும் முந்நூறு நானூறு ரூபாய்தான் வித்தியாசம்.

இந்த வண்டியில் மிச்சமிருப்பது காற்று எடுக்கும் வாய். ஏர் ஃபில்டர் டப்பா இன்னும் பானெட்டுக்குள்ளிருந்தே உறிஞ்சுகிறது. தெர்மோகப்பிளை முன் கிரில்லின் பின்னால் வைத்துப் பார்த்ததில், 40 கி.மீ. வேகத்தில் அங்கே ஹோஸுக்குள்ளதைவிட 6 டிகிரி குறைவு. கணக்குப்படி 2 சதவீதம் கூடுதல் காற்று, அதுவும் செலவில்லாமல். ஒரு வளையும் ஹோஸை அங்கே வரை இழுத்து, மழைத் தண்ணீர் ஏறாதபடி வாயைக் கீழ்நோக்கித் திருப்பிக் கட்ட வேண்டும். அதை மாட்டியதும் 40 டிகிரிக்கு மேலான புள்ளிகளை மறுபடி லாக் எடுத்துத் திருத்துவேன்.